கடையா, சொந்த ஆர்டரா, நாள் சம்பளமா? நெல்லைச் சீமையில் கேமராவை நம்பிப் பிழைக்க ஒரு கணக்கு

ஒரு முகூர்த்த நாளில் ஒருவர் ஒரு கல்யாணம்தான் எடுக்க முடியும். பஞ்சாங்கம் நல்ல நாள் என்று சொல்லிவிட்டால் பாளையங்கோட்டையிலும் வள்ளியூரிலும் சங்கரன்கோவிலிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தாலி ஏறும். மறுநாள் அத்தனை மண்டபமும் பூட்டிக் கிடக்கும். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் கிடையாது. புரட்டாசியைப் பெரும்பாலான வீடுகள் தவிர்க்கும். ஆகவே இந்தப் பக்கம் படம் எடுத்துப் பிழைக்க நினைப்பவர், எந்த கேமரா வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் தினசரிக் காலண்டரைக் கையில் எடுக்க வேண்டும். வருஷத்தில் எத்தனை நாள் வேலை இருக்கும், செய்த வேலைக்கு எத்தனை நாள் கழித்துக் காசு வரும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த வழி நமக்கு ஒத்துவரும் என்பது அந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

வழிகள் மூன்று. ஊரில் கடை போடுவது ஒன்று. கல்யாணம், பூப்புச் சடங்கு, காதுகுத்து என்று சொந்தமாக ஆர்டர் பிடிப்பது இன்னொன்று. கேமராவைத் தூக்கிக்கொண்டு மற்றவர்களின் ஆர்டருக்குப் போய்ச் சம்பளம் வாங்குவது மூன்றாவது. கீழே வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் முறையைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்ட தொகைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திரும்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சம்பளத்துக்குப் போவது

மூன்றிலும் மதிப்புக் குறைவாகப் பார்க்கப்படுவது இதுதான். தொடக்கக்காரருக்கு ஆக நல்லதும் இதுதான். மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் இரண்டும் சேர்ந்தது ஓர் அழைப்பு என்று வைத்துக்கொள்வோம். ஓர் அழைப்புக்கு 6,000 ரூபாய். போக்குவரத்துக்கு 500 கழித்தால் 5,500. வருஷத்துக்கு 60 அழைப்பு கிடைத்தால் 3,30,000. கருவிகள் 3 லட்சத்துக்கு வாங்கி ஐந்து வருஷம் ஓட்டினால் தேய்மானம் வருஷத்துக்கு 60,000. மிச்சம் 2,70,000. ஆல்பம், டிசைனிங், வாடிக்கையாளரின் பேரம் எதுவும் உங்கள் தலையில் இல்லை. மெமரி கார்டைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது.

இதில் கோளாறு வருவது இரண்டு இடத்தில். ஒன்று, ஸ்டூடியோக்காரர் தனக்கு வீட்டார் கொடுத்த பிறகுதான் உங்களுக்குக் கொடுப்பேன் என்பார். அவருக்குப் பணம் வருவது ஆல்பம் முடிகிறபோது. அதற்கு ஆறு மாதமும் ஆகும். ஆகவே சம்பளம் கார்டைக் கொடுக்கும் அன்றைக்கே என்பதை முதல் அழைப்பிலேயே பேசிவிட வேண்டும். முகம் பார்த்துத் தயங்கினால் ஐப்பசிச் சம்பளம் தைப்பொங்கலுக்குத்தான் வரும். இரண்டு, நீங்கள் எடுத்த படத்தை உங்கள் பெயரில் வெளியிட முடியாது. நாளைக்குச் சொந்தமாக ஆர்டர் பிடிக்க மாதிரிப் படம் வேண்டுமே! வருஷத்துக்கு நாலைந்து கல்யாணத்திலாவது பத்துப் படம் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பெண்களுக்கு இந்த வழி இங்கே திறந்தே இருக்கிறது. மேலப்பாளையம், ஏர்வாடி, கடையநல்லூர்ப் பக்கம் நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பகுதிக்குப் பெண்ணே வந்து எடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். சடங்கு வீடுகளிலும் அலங்கார அறைக்குள் பெண் இருந்தால் தாய்மார்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆட்கள் குறைவு என்பதால் சம்பளத்தை உறுதியாகப் பேசலாம். அந்தப் படங்களை மாதிரிக்குக்கூட யாரிடமும் காட்டக் கூடாது. ஒரு தடவை அந்த நம்பிக்கை கெட்டால் அந்த ஊரில் இரண்டாவது அழைப்பு வராது.

சொந்த ஆர்டர்

75,000 ரூபாய்க்கு ஒரு கல்யாணம் பேசியிருக்கிறீர்கள். கேண்டிட் படம், அதாவது நிற்கச் சொல்லாமல் இயல்பாகப் பிடிக்கிற படம், நீங்களே எடுக்கிறீர்கள். வரிசையாக நிறுத்தி எடுக்கிற டிரடிஷனல் போட்டோவுக்கு ஓர் ஆள் 6,000, டிரடிஷனல் வீடியோ 6,000, கேண்டிட் வீடியோ 9,000. பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குல ஆல்பம் 40 ஷீட், மேலட்டையும் பெட்டியும் சேர்த்து 14,000. டிசைனிங் ஷீட்டுக்கு 80 வீதம் 3,200. வீடியோ எடிட்டிங் 6,000. வண்டி, சாப்பாடு 3,000. ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் 3,000. மொத்தம் 50,200 போக, 24,800 நிற்கும்.

சொந்த ஆர்டருக்கு இரண்டு பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), மூன்று லென்ஸ், ஃபிளாஷ், கம்ப்யூட்டர் என்று 5 லட்சமாவது முடங்கும். ஐந்து வருஷத்துக்குப் பிரித்தால் வருஷத்துக்கு 1 லட்சம். முதல் வருஷம் பத்து ஆர்டர் பிடித்தால் கையில் நிற்பது 1,48,000 மட்டுமே. சம்பளத்துக்குப் போனவரோ 2,70,000 எடுத்திருப்பார். இரண்டும் சமமாவது பதினைந்தாவது ஆர்டரில். வருஷத்துக்குப் பதினைந்து ஆர்டர் உறுதியாகும் வரை சம்பள அழைப்பை விடக் கூடாது என்று சொல்வது இந்தக் கணக்கால்தான். சொந்த ஆர்டர் இல்லாத முகூர்த்தத்தில் அடுத்தவர் ஆர்டருக்குப் போவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. இந்த ஊர்களில் நன்றாகத் தொழில் செய்கிற பலர் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள்.

மேலே போகும்போது இன்னொரு கோடு வரும். 27 ஆர்டர் எடுத்தால் வரவு 20 லட்சத்தைத் தாண்டும். சேவைத் தொழிலுக்கு அங்கே ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். பார்க்கப்படுவது லாபம் அல்ல, மொத்த வரவு. கையில் நிற்பது அதில் மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும் 18 சதவீத வரியை அதற்குப் பிறகு விலையோடு சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கும். கேட்கத் தவறினால் அது உங்கள் பங்கிலிருந்து போகும்.

பணம் வாங்கும் முறையில்தான் பலர் கவிழ்கிறார்கள். தேதி எழுதும்போது 30 சதவீதம், கல்யாணத்தன்று 50, ஆல்பம் பிரிண்டுக்குப் போவதற்கு முன் 20 என்று பிரிப்பது பாதுகாப்பானது. கல்யாணத்தன்று என்றால் முந்தின நாள் மாலை வரவேற்பிலேயே வாங்கிவிட வேண்டும். முகூர்த்தம் முடிந்ததும் பெண்ணின் அப்பா பந்தியில் நிற்பார், மொய்ப்பெட்டி வேறு யார் கையிலோ இருக்கும். ‘நாளைக்கு வாங்க அண்ணாச்சி’ என்பார். அவர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை, அன்றைக்கு அவர் நிலைமை அப்படி. வரவு செலவு யார் கையில் என்பதை முந்தின வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த முடிச்சு படத் தேர்வு. நாலாயிரம் படத்தைக் கொடுத்து 300 தேர்ந்தெடுக்கச் சொன்னால் எந்த வீட்டிலும் நடக்காது. மாப்பிள்ளை துபாய்க்குப் போய்விடுவார், பெண் மறுவீடு, விருந்து என்று அலைவாள், ஆல்பம் ஒரு வருஷம் தூங்கும். நீங்களே 600 ஆக வடிகட்டி, எண் போட்டுக் கொடுங்கள். 30 நாளில் தேர்வு வராவிட்டால் நாங்களே தேர்ந்தெடுத்து அடிப்போம் என்றும், 40 ஷீட்டுக்கு மேல் போனால் ஷீட்டுக்கு இவ்வளவு என்றும் ஆர்டர் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

அதே படிவத்தில் படங்களை இன்ஸ்டாகிராமில் போட அனுமதி உண்டா இல்லையா என்ற வரியும் வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். நான்தானே எடுத்தேன் என்று நினைத்துப் பலர் தப்பாகவே நடந்துகொள்கிறார்கள்.

பெண் வீட்டார் ஒரு குழு, மாப்பிள்ளை வீட்டார் ஒரு குழு என்று ஒரே மேடையில் இரண்டு ஸ்டூடியோ வருவது இங்கே சாதாரணம். முன்கூட்டியே போன் போட்டு யார் எந்தப் பக்கம் நிற்பது, யார் வீடியோ லைட் போடுவது என்று பேசாவிட்டால் தாலி கட்டும் அந்த மூன்று நொடியில் ஒருவர் முதுகை மற்றவர் எடுத்துக்கொண்டிருப்பார். அட்சதை போட எல்லோரும் எழுந்து நிற்பார்கள் என்பதால் தரையில் நின்று எடுப்பவருக்குக் கைகள்தான் கிடைக்கும். ஒருவர் மேடை மேலேயே, ஐயருக்குப் பின்னால் சற்று ஓரமாக இருக்க வேண்டும். மண்டபங்களில் எல்.இ.டி. விளக்கும் திரையும் பெருகிவிட்டதால் படத்தில் கறுப்புக் கோடு விழுவது அடிக்கடி நடக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 50-இல் ஒன்று அல்லது 100-இல் ஒன்று என்று வைத்தால் விளக்கால் விழும் கோடு பெரும்பாலும் சரியாகும். மேடைத் திரை அதற்கும் கேட்காது. மாலையில் போனதும் ஒரு சோதனைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சைலன்ட் ஷட்டரில் இந்தக் கோடு கூடும், அதை மண்டபத்துக்குள் தொடவே வேண்டாம்.

தேவாலயத்தில் கணக்கு வேறு. ஆராதனை நடக்கையில் ஃபிளாஷ் போடக் கூடாது, பீடத்துக்குள் ஏறக் கூடாது என்று பல ஆலயங்களில் கட்டுப்பாடு உண்டு. போதகரையோ பங்குத்தந்தையையோ முந்தின நாளே பார்த்து, எங்கே நிற்கலாம் என்று கேட்டுவிட வேண்டும். தூரத்தில் நின்றே எடுக்க உதவும் 70-200 லென்ஸ் அங்கேதான் சோறு போடும்.

சேமிப்பையும் செலவில் எழுதத்தான் வேண்டும். 24 மெகாபிக்சல் ரா படம் (கேமராவின் மூலக்கோப்பு) ஒன்று சுமார் 25 எம்.பி.; நாலாயிரம் படம் 100 ஜி.பி. கேண்டிட் வீடியோ 4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜி.பி.; மூன்று மணி நேரம் 135. டிரடிஷனல் வீடியோ 50 மெகாபிட்டில் ஆறு மணி நேரம் இன்னொரு 135. ஒரு கல்யாணம் 370 ஜி.பி. பிடிக்கும், 2 டி.பி. டிஸ்க் நாலைந்து கல்யாணத்தில் நிரம்பும். இரண்டு பிரதி, இரண்டு வெவ்வேறு வீட்டில். ஆல்பம் கைக்குப் போகும் வரை கார்டை அழிக்காமல் வைத்திருக்க முடிந்தால் இன்னும் நல்லது.

காய்ச்சலில் விழுந்தால் உங்கள் இடத்தில் போய் நிற்பதற்கு ஓர் ஆள் எப்போதும் பேசி வைத்திருக்க வேண்டும். முகூர்த்தத்தைத் தள்ளி வைக்கச் சொல்ல முடியாது.

கடை

கடைக்கு வாடகை 8,000, மின்சாரம் 1,500, உதவியாளருக்கு 10,000, சில்லறைச் செலவு 500 என்று மாதம் 20,000 வைத்துக்கொள்வோம். 26 நாள் திறந்தால் நாளுக்கு 770 ரூபாய் கதவைத் திறந்ததற்கே போகும். ஒரு ஆளுக்குச் செலவு போக 50 ரூபாய் நின்றால், முதல் பதினாறு பேர் கட்டடக்காரருக்கும் மின்வாரியத்துக்கும் உதவியாளருக்கும்தான். பதினேழாவது ஆளிலிருந்துதான் உங்கள் வீட்டு அரிசி.

பாஸ்போர்ட் சைஸ் படம் இந்த வரவைத் தூக்கி நிறுத்தும் என்று கணக்குப் போடுபவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலும் ஆதார் மையத்திலும் அவர்களே படம் பிடித்துக்கொள்கிறார்கள். மிச்சமிருப்பது பள்ளி, கல்லூரிச் சேர்க்கை, வேலை விண்ணப்பம், வெளிநாட்டு விசா. அமெரிக்க விசாவுக்கு இரண்டு அங்குலச் சதுரம், ஷெங்கன் நாடுகளுக்கு 35-க்கு 45 மில்லிமீட்டர் என்ற அளவெல்லாம் அத்துப்படியாக இருந்தால் ஆள் தேடி வரும். நாலுக்கு ஆறு அங்குலத் தாளில் 35-க்கு 45 படம் எட்டு அடங்கும். சூட்டால் சாயத்தைத் தாளில் ஏற்றும் டை சப்ளிமேஷன் பிரிண்டர் வாங்கினால், டி.என்.பி. ஆர்.எக்ஸ்.1 போன்றவற்றில் ஒரு ரோலுக்கு 700 தாள் வரும்; மை அடைக்காது, பிரிண்ட் காய்ந்தே வெளியே வரும். எப்சன் இங்க் டேங்க் பிரிண்டர் மலிவு, ஆனால் ஒரு வாரம் சும்மா கிடந்தால் ஹெட் அடைத்துக்கொள்ளும். கூட்டம் குறைந்த ஊர்க் கடையில் இது அடிக்கடி நடக்கும்.

இடம்தான் கடைக்கு உயிர். தாலுகா அலுவலகம், பத்திரப்பதிவு அலுவலகம், பெரிய பள்ளிக்கூடம் மூன்றில் ஒன்றாவது நடந்து வரும் தூரத்தில் இருந்தால் நாங்குநேரி, ராதாபுரம், சேரன்மகாதேவி போன்ற சின்ன ஊரிலும் கடை நிற்கும். வண்ணார்பேட்டையில் பெரிய வாடகைக்கு மாடியில் போட்டால் பாஸ்போர்ட் படத்துக்கு யாரும் படியேற மாட்டார்கள். அந்த இடம் ஆர்டர் பேசும் அலுவலகத்துக்குத்தான் சரி.

கடைக்கு வரும் வேலையில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இறந்தவர் படம். ரேஷன் கார்டு நகலையோ, பழைய குரூப் படத்தின் ஓரத்தையோ கொண்டுவந்து, கருமாதி விசேஷத்துக்குள் பெரிதாக்கிப் பிரேம் போட்டுத் தரச் சொல்வார்கள். பல வீடுகளில் அந்தப் பெரியவருக்கு வேறு படமே இருக்காது. முகத்தை மென்பொருளை விட்டு ‘அழகாக்கினால்’ வேறொரு ஆள் வந்து நிற்பார். கண்ணையும் வாயோரத்தையும் தொடாமல், கீறலையும் கறையையும் மட்டும் எடுத்து, முதலில் நாலுக்கு ஆறில் அடித்து வீட்டாரிடம் காட்டிவிட்டுப் பெரிதாக அடியுங்கள். இந்த வேலையைச் சுத்தமாகச் செய்த கடைக்குத்தான் அந்த வீட்டின் அடுத்த கல்யாணமும் வரும்.

காலி மாதங்களில் என்ன செய்வது

எந்த வழியை எடுத்தாலும் இதற்குப் பதில் வேண்டும். இந்தச் சீமையில் மூன்று சமயத்தாரும் கலந்து வாழ்வது தொழிலுக்குப் பெரிய கொடுப்பினை. மார்கழியில் மண்டபம் பூட்டிக் கிடக்கையில் கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டிக் கிறிஸ்தவக் கல்யாணங்கள் நடக்கும். ஈஸ்டருக்கு முந்தைய தபசுக் காலத்தில் ஆலயக் கல்யாணம் நிற்கும்போது மாசி, பங்குனி முகூர்த்தம் ஓடும். ரமலான் நோன்பு முடிந்ததும் நிக்காஹ் தொடங்கும். ஒரே சமூகத்து வீடுகளை மட்டும் நம்பியவர் வருஷத்தில் மூன்று மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்.

அடுத்தது கோயில் கொடை, அதாவது ஊர்க் கோயில் திருவிழா. சித்திரை, ஆடி மாதங்களில் அம்மன் கொடை ஊருக்கு ஊர் நடக்கும். பல ஊரில் செவ்வாய்க்கிழமையை ஒட்டி வருவதால் சனி, ஞாயிறு ஆர்டரோடு மோதாது. வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், கணியான் கூத்து, நடுச்சாமத்தில் சாமியாட்டம் என்று ஓர் இரவு முழுக்க வேலை. ஐ.எஸ்.ஓ. 3200-இலிருந்து 6400, எஃப் 2.8, ஷட்டர் 200-இல் ஒன்று என்று தொடங்கலாம். சாமியாடுகிற கோமரத்தாடியின் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடித்தால் ஊர்க்காரர்கள் சும்மா விட மாட்டார்கள், விடவும் கூடாது. பணம் ஊரார் கொடைக்குப் போடும் வரிக்கணக்கிலிருந்து வரும். கணக்கு முடிக்கிற நாளுக்குள் ரசீதைக் கொடுத்துவிடுங்கள், அதற்குப் பிறகு கொண்டுபோனால் அடுத்த கொடைக்குத்தான். சென்னை, மும்பையில் கடை வைத்திருக்கும் குடும்பங்கள் மொத்தமாக ஊருக்கு வருவதும் அப்போதுதான். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வருவோரும் அப்படியே. மூன்று தலைமுறையும் ஒரே இடத்தில் நிற்கும் அந்தக் காலை நேரத்தில் குடும்பப் படம் எடுத்து, பிரேம் போட்டு அனுப்பும் வேலையை இன்னும் யாரும் பெரிதாகச் செய்யவில்லை என்றே தோன்றுகிறது.

பள்ளிக்கூட வேலை ஜூனில் அடையாள அட்டை, ஜனவரி, பிப்ரவரியில் வகுப்பு குரூப் படம் என்று இரண்டு தடவை வரும். ஒரு பிள்ளைக்கு 30 நொடி என்றால் 400 பேரை மூன்றரை மணி நேரத்தில் முடிக்கலாம். கெடுவது படத்தில் அல்ல, பெயரில். வகுப்பு தொடங்கும்போது வகுப்பெழுதிய சிலேட்டை ஒரு படம் எடுத்து, வருகைப் பதிவு வரிசையிலேயே பிள்ளைகளை நிறுத்துங்கள்; வராத பிள்ளைக்கு வெறும் திரையை ஒரு படம் எடுத்துவிட்டால் எண் மாறாது. காசு மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்துவிடும்.

கூந்தன்குளத்துப் பறவைகளையும் களக்காடு முண்டந்துறைக் காட்டையும் எடுத்துப் பிழைக்கலாமா என்று கேட்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆசைக்கு எடுக்கலாம், கை நன்றாகத் தேறும். வயிற்றுக்கு அது போதாது. புலிகள் காப்பகத்துக்குள் கல்யாண ஜோடியைக் கூட்டிப்போய் எடுப்பதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும்.

ட்ரோனைச் சொந்தமாக வாங்க அவசரப்பட வேண்டாம். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டதைக் காசுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் மூன்றும் நெல்லை மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கம் எழுப்பினால் கருவியோடு வழக்கும் சேரும். சான்றிதழ் உள்ளவரை அந்த ஒரு நாளைக்குக் கூப்பிடுவதே மலிவு.

வாங்கும் வரிசை

சம்பளத்துக்குப் போகத் தொடங்குபவருக்கு இரண்டு கார்டு போடும் ஒரு பாடி போதும். சோனி ஏ7 III, கேனான் ஆர்6 மார்க் II, நிக்கான் இசட்6 II எதுவானாலும் சரி. பழையது வாங்குவதாக இருந்தால் ஷட்டர் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குங்கள். ஏ7 III-இன் ஷட்டர் இரண்டு லட்சம் தடவைக்கு என்று சொல்லப்பட்டது. கல்யாணத்துக்கு நாலாயிரம் என்றால் ஐம்பது கல்யாணம். 24-70 எஃப் 2.8, 85 எஃப் 1.8, இரண்டு ஃபிளாஷ், நாலு பேட்டரி. அடுத்து வாங்க வேண்டியது 70-200 அல்ல, இரண்டாவது பாடி. லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம், தாலி கட்டும் நேரத்தில் நின்றுபோன கேமராவுக்கு மாற்று அப்போது கிடைக்காது.

தென்காசி, செங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கம் இருப்பவர்கள் சாரல் தொடங்கும் முன் டிரை கேபினட் ஒன்றையும் வாங்கி, ஈரப்பதத்தை 40-இலிருந்து 50 சதவீதத்தில் வைக்க வேண்டும். பையிலேயே கிடந்த லென்ஸில் ஒரே பருவத்தில் பூஞ்சை படரும். உவரி, மணப்பாடு கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால் அன்றிரவே ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றுக் காலத்தில் வெளியே குடை லைட் வைப்பதென்றால் ஸ்டாண்டின் காலில் ஐந்து கிலோ மணல் மூட்டை கட்டாமல் வைக்காதீர்கள். தேரி மணலில் ஜோடிப் படம் எடுக்கப் போகிறவர்கள் லென்ஸை வண்டிக்குள் வைத்தே மாட்டிக்கொண்டு இறங்குங்கள். அந்தச் செம்மண் தூசி சென்சாரில் ஒட்டினால் ஆல்பத்தின் எல்லா வானத்திலும் புள்ளி விழும்.